ஹூஸ்டனில் ஏன் அத்தனை நாள் மின்சாரம் வரவில்லை?

கேள்வி சுருக்கமாக இது: “என் அக்கா மகன் குடும்பத்தோடு டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் இருக்கிறான். 2024 மே மாதம் ஒரு மாலை நேரப் புயலில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஜூலையில் மறுபடியும் போய், எட்டு நாள் கழித்துத்தான் வந்ததாம். அவனுடைய மாமியார் ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர். இவ்வளவு பணக்கார ஊரில் ஒரு கோடைக் காற்றுக்கு இப்படி ஆகுமா? அங்கே உண்மையில் என்னதான் நடந்தது? இனி அவர்கள் என்ன செய்ய வேண்டும்?”

மின் விநியோகத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைப் பறித்தது காற்று. ஆனால் எத்தனை நாள் இல்லாமல் இருக்க வேண்டும், யார் கடைசியில் பெற வேண்டும் என்பது காற்று வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டெக்சாஸ் என்றதும் பலருக்கு 2021 பிப்ரவரியின் உறைபனிதான் நினைவுக்கு வரும். அன்று மாநிலம் முழுவதும் மின் உற்பத்தியே சரிந்தது. எரிவாயுக் குழாய்களும் மின் நிலையங்களும் உறைந்து, தேவைக்கு ஏற்ற மின்சாரம் இல்லாமல் போனது. 2024-ல் அப்படி எதுவும் இல்லை. மின் நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மின்சாரம் தாராளமாக இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பிதான் அறுந்து தரையில் கிடந்தது. இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததற்கு எவ்வளவு பெரிய விலை கொடுத்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மே 16, வியாழக்கிழமை. அன்று மாலை ஹூஸ்டனைத் தாக்கியது கடலிலிருந்து வந்த சூறாவளி அல்ல. நிலத்திலேயே பிறந்த இடிமழைக் கூட்டம். வானிலை ஆய்வாளர்கள் இந்த வகைக்கு ‘டெரெச்சோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோடை வெப்பமும் மெக்சிகோ வளைகுடாக் கடலின் ஈரமும் சேர்ந்து மேகங்கள் மிக உயரமாக எழும்புகின்றன. அவற்றிலிருந்து விழும் மழைத்துளிகள் நடுவழியில் உள்ள வறண்ட காற்றில் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து கனத்து, கீழே பாய்கிறது. தரையில் மோதிய காற்று முன்பக்கமாகச் சீறுகிறது. சீறும் வழியில் எதிரே உள்ள வெப்பக் காற்றை மேலே தள்ளி அடுத்த மேகத்தை எழுப்புகிறது. இப்படித் தன் இரையைத் தானே உண்டாக்கிக்கொண்டு ஓடுவதால், ஒரே அணியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ரேடாரில் பார்த்தால் வில்லைப் போல வளைந்திருக்கும்.

கடற்சூறாவளி என்றால் நான்கைந்து நாள் முன்பே தெரியும். மின் நிறுவனம் வெளி மாநிலங்களிலிருந்து ஆட்களை வரவழைக்கும், மக்கள் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். டெரெச்சோவுக்கு அந்த அவகாசம் இல்லை. அன்று காலை ‘பலத்த இடியுடன் மழை பெய்யக்கூடும்’ என்ற வழக்கமான எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள், மாலையில் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர் காற்றைப் பார்த்தார்கள். நகரின் மையத்தில் வானுயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கில் தெருவில் கொட்டின. வடமேற்கே சைப்ரஸ் பகுதியில் ஒரு சிறு சுழற்காற்றும் தொட்டது. உயரழுத்த மின் கோபுரங்கள் முழங்கால் மடிந்தது போலச் சரிந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பத்துக் கோபுரங்கள் என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. நகரின் மின் விநியோகத்தைக் கவனிக்கும் சென்டர்பாயின்ட் நிறுவனத்தின் இணைப்புகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் அணைந்தன.

கோபுரங்கள்தான் படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் உங்கள் அக்கா மகன் வீட்டில் விளக்கு அணைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு மரமாகத்தான் இருக்கும். ஹூஸ்டன் மரங்கள் அடர்ந்த ஊர். ஓக் மரங்களும் பைன் மரங்களும் வீட்டுக்கு வீடு நிற்கும். கோடையில் அவை முழு இலையோடு பாய்மரம் போல நிற்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த இலைத்திரளின் மீதான விசை நான்கு மடங்காகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் கனமழை பெய்து, சான் ஜெசின்டோ ஆற்றில் வெள்ளம் போயிருந்தது. மண் ஊறி வேரின் பிடி தளர்ந்திருந்தது. அதற்கு முந்தைய இரண்டு கோடைகளின் வறட்சியில் பல மரங்கள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தன. கம்பிக்கு அருகே உள்ள கிளைகளை மின் நிறுவனம் வெட்டலாம். ஆனால் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் அறுபது அடி பைன் மரத்தை, உரிமையாளர் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. அந்த மரம் விழும்போது மட்டும் சம்மதம் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

இனி, ஏன் ஒருவருக்கு ஆறு மணி நேரத்தில் வருகிறது, இன்னொருவருக்கு எட்டு நாள் ஆகிறது?

மின்சாரம் உயரழுத்தப் பாதையில் வந்து துணைமின் நிலையத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ஃபீடர் என்ற முதன்மைக் கம்பிகள் கிளம்புகின்றன. ஒரு ஃபீடரில் ஆயிரம், இரண்டாயிரம் இணைப்புகள் இருக்கும். ஃபீடரிலிருந்து தெருக்களுக்குப் பிரியும் கிளைகள், ஒவ்வொன்றிலும் சில பத்து வீடுகள். கிளையின் நுனியில் டிரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து நான்கைந்து வீடுகளுக்குச் சர்வீஸ் கம்பி. புயலுக்குப் பிறகு பழுதுபார்ப்பதும் இதே வரிசையில்தான். மேலிருந்து கீழே. மேலே அறுந்திருக்கும்போது கீழே சரிசெய்து பயனில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கு. ஒரு குழு நான்கு மணி நேரம் உழைத்தால் ஃபீடரில் இரண்டாயிரம் வீட்டுக்கு வெளிச்சம் வரும். அதே நான்கு மணி நேரம் ஒரு தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் போனால் ஐந்து வீட்டுக்கு. எந்தப் பொறியாளரும் ஃபீடரைத்தான் முதலில் எடுப்பார்; நானும் அதையே செய்திருக்கிறேன். மருத்துவமனை, குடிநீர் நிலையம் போன்றவை உள்ள ஃபீடருக்கு முன்னுரிமை உண்டு. அதற்குப் பிறகு எண்ணிக்கைதான் ராஜா.

அதனால்தான் ‘90 சதவீதம் சீராகிவிட்டது’ என்று அறிவித்த பிறகும் நாள்கணக்கில் இழுக்கிறது. கடைசி பத்து சதவீதம் முழுக்க ஐந்து வீடு, பத்து வீடு என்று சிதறிக் கிடக்கும் வேலை. இது திறமையின்மை அல்ல. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குருடு இருக்கிறது. மீட்டர்களை எண்ணுகிறதே தவிர, மீட்டருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. நீச்சல் குளத்தின் மோட்டார் ஓடாத வீடும் ஒரு மீட்டர்தான், ஆக்சிஜன் கருவி ஓடாத வீடும் ஒரு மீட்டர்தான்.

கடைசியில் மிஞ்சுகிறவர்கள் யார் என்பதும் முழுக்கத் தற்செயல் அல்ல. ஹூஸ்டனின் புதிய புறநகர்க் குடியிருப்புகளில் தெருக் கிளைகள் பெரும்பாலும் பூமிக்கடியில் போகின்றன. பழைய பகுதிகளில் கம்பம்தான், அதுவும் பல இடங்களில் தெருவோரமாக இல்லாமல் வீடுகளின் பின்புறத் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. அழகுக்காக அப்படிச் செய்தார்கள். இன்று அங்கே லாரி நுழையாது, ஆள் கம்பத்தில் ஏறித்தான் வேலை செய்ய வேண்டும், பூட்டிய கேட்டுகள், நாய்கள், வேலிகள் எல்லாவற்றையும் கடந்து. இன்னொன்றும் உண்டு. காற்றில் சர்வீஸ் கம்பி இழுபட்டு, வீட்டுச் சுவரில் உள்ள குழாயும் மீட்டர் பெட்டியும் பிய்ந்துவிட்டால், அது வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் சொந்தச் செலவில் எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்த பிறகே நிறுவனம் இணைப்புக் கொடுக்கும். கையில் பணம் உள்ளவருக்கு அது ஒரு நாள் தாமதம். மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டும் ஒரு முதியவருக்கு, தெருவெல்லாம் விளக்கு எரிந்த பிறகும் தன் வீடு மட்டும் இருட்டாக நிற்கும் நிலை.

அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை கரை கடந்த எட்டுச் சூறாவளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சேதமும் முன்னுரிமை விதிகளும் ஒரே மாதிரி இருந்தால்கூட, சமூகப் பொருளாதார நிலையில் பின்தங்கிய மாவட்டங்கள் கூடுதல் நேரம் காத்திருந்தன என்பது அதன் முடிவு. யாரோ உட்கார்ந்து ஏழைகளை ஒதுக்கினார்கள் என்று அதற்குப் பொருளில்லை. மேலே சொன்ன கணக்கும் பழைய கம்பியும் சேர்ந்தாலே அந்த விளைவு தானாக வந்துவிடும். எனக்கு அதுதான் கூடுதலாகக் கவலை தருகிறது. திட்டமிட்டுச் செய்த அநீதி என்றால் ஆளைப் பிடித்துக் கேட்கலாம்.

மே மாதத் தடை ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் சரியானது. சரியாக 53 நாள் கழித்து, ஜூலை 8 அதிகாலையில், பெரில் சூறாவளி மாட்டகோர்டா அருகே கரை கடந்தது. ஒரு வாரம் முன்பு கரீபியன் கடலில் ஐந்தாம் வகையாக இருந்த புயல், டெக்சாஸ் வரும்போது முதல் வகைதான், இருப்பவற்றில் சின்னது. அந்தச் சின்னதே 22 லட்சத்துக்கும் மேற்பட்ட சென்டர்பாயின்ட் இணைப்புகளை அணைத்தது. அந்நிறுவனத்தின் மொத்த இணைப்புகளில் முக்கால் பங்குக்கும் மேல். 2008-ல் ஐக் சூறாவளியிலும் இதே அளவு இழப்பு நடந்திருந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பதினாறு ஆண்டுகள் இடையில் இருந்தன. மே மாதத்தில் தற்காலிகமாக ஒட்டுப்போட்ட கம்பிகள், பாதி முறிந்து நின்ற மரங்கள், எல்லாவற்றையும் ஜூலைக் காற்று வந்து முடித்துவைத்தது.

அப்போது நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. எந்தத் தெருவில் மின்சாரம் இல்லை, எப்போது வரும் என்று காட்டும் சென்டர்பாயின்ட்டின் இணைய வரைபடம் மே புயலின்போது பாரம் தாங்காமல் படுத்துவிட்டது. ஜூலை வரை அதை எழுப்பவில்லை. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாட்டாபர்கர் என்ற டெக்சாஸ் உணவகச் சங்கிலியின் செயலியைத் திறந்தார்கள். அதில் எந்தக் கிளை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று வரைபடம் உண்டு. கிளை மூடியிருந்தால் அந்தப் பகுதியில் மின்சாரம் இல்லை என்று ஊகித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம் ஒரு பர்கர் கடையை வைத்து மின்தடையைக் கணித்தது. சிரிக்கலாம், ஆனால் தகவல் இல்லாமை உயிர் சம்பந்தப்பட்டது. ‘நாளை வந்துவிடும்’ என்று நம்பிய முதியவர் வீட்டிலேயே இருப்பார். ‘எட்டு நாள் ஆகும்’ என்று தெரிந்திருந்தால் முதல் நாளே மகள் வீட்டுக்குப் போயிருப்பார்.

இப்போது நான் மேலே கடன் வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2021 உறைபனிக்குப் பிறகு, மின் விநியோக நிறுவனங்கள் அவசரத்துக்கு ஜெனரேட்டர்களைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று டெக்சாஸ் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. சென்டர்பாயின்ட் சுமார் 80 கோடி டாலர் மதிப்பில் குத்தகை ஒப்பந்தம் போட்டது. செலவு நுகர்வோரின் கட்டணத்தில் ஏறியது. அவற்றில் பதினைந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மெகாவாட் தரும் ராட்சத இயந்திரங்கள். மாநில மின்தொகுப்பில் உற்பத்தி குறைந்தால், துணைமின் நிலையத்தில் பொருத்தி ஊட்டுவதற்கு உகந்தவை. அதாவது 2021-ன் நோய்க்கான மருந்து. பெயர் ‘நடமாடும் ஜெனரேட்டர்’. ஆனால் கொண்டுபோய் நிறுவ நாள்கணக்கில் ஆகும். பெரில் வந்தபோது கம்பியே அறுந்து கிடக்கையில் 30 மெகாவாட்டை எங்கே கொண்டுபோய்ச் செலுத்துவது? அந்தப் பதினைந்தில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. முதியோர் இல்லத்தின் வாசலில் நிறுத்தக்கூடிய சின்ன ஜெனரேட்டர்கள்தான் தேவைப்பட்டன; அவை போதுமான அளவில் இல்லை. சட்டமன்ற விசாரணையில் நிறுவனத் தலைவர் ஜேசன் வெல்ஸ் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிறகு அந்த ராட்சத இயந்திரங்கள் சான் அன்டோனியோ பகுதிக்கு அனுப்பப்பட்டன, அங்கே உற்பத்திப் பற்றாக்குறையைச் சமாளிக்க.

காற்று ஓய்ந்த மறுநாளிலிருந்து வெயில். ஜூலையில் ஹூஸ்டனின் பகல் வெப்பம் 33, 35 டிகிரி செல்சியஸ். ஈரப்பதத்தோடு சேர்த்தால் உடம்பு உணர்வது 40-க்கு மேல். ‘இது நம் திருச்சியில் சாதாரணம்தானே’ என்று தோன்றும். ஆனால் அங்கே வீடுகள் ஏசியை நம்பியே கட்டப்பட்டவை. வெப்பம் வெளியேறாதபடி அடைத்த சுவர், குறைவான ஜன்னல், அடுக்ககங்களில் ஒரே பக்கம் மட்டும் காற்று வரும் அறைகள். நம் ஊரில் அடிக்கடி மின்சாரம் போய்ப் போய்ப் பழகியதால் நடுத்தர வீடுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், மின்விசிறியாவது சுற்றும். ஹூஸ்டன் வீட்டில் அது கிடையாது. மின்சாரம் போகாது என்ற நம்பிக்கையில் எழுந்த ஊர் அது, அடுப்புகூடப் பல வீடுகளில் மின்சாரத்தில்தான் எரிகிறது. வெப்பத்தில் உடம்பைக் கெடுப்பது பகலைவிட இரவு. இரவில் உள்ளே வெப்பம் இறங்காவிட்டால் இதயம் ஓய்வெடுப்பதில்லை. முதல் இரவு தாங்கும், மூன்றாவது இரவு தாங்காது. இதய நோய், சிறுநீரக நோய், மனநல மருந்துகள் எடுப்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் விழுகிறார்கள்.

பெரில் மரணங்களில் முதலில் வந்த செய்தி மரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றி. அடுத்தடுத்த நாள்களில் வந்தவை வெப்பத்தால் இறந்தவர்களைப் பற்றி. இவற்றுக்கு நடுவே இன்னொரு கொலையாளி, கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் ஜெனரேட்டரைத் திருட்டுக்குப் பயந்தோ மழைக்குப் பயந்தோ கார் நிறுத்தும் அறையில் வைத்து ஓட்டுகிறார்கள். நிறமோ மணமோ இல்லாத வாயு, தூக்கத்திலேயே முடித்துவிடும். பெரிலுக்குப் பிறகு ஒரே நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட இத்தகைய அழைப்புகள் தீயணைப்புத் துறைக்கு வந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். மே புயலின்போது, தன் வண்டியின் மின்சாரத்தைக் கொண்டு ஆக்சிஜன் கருவியை ஓட்ட முயன்ற ஒருவர் அந்த வண்டியிலேயே இறந்து கிடந்தார்.

இது ஹூஸ்டனின் தனிக் கதையும் அல்ல. 2012 ஜூன் 29 அன்று சிகாகோ பக்கத்திலிருந்து வாஷிங்டன் வரை பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் ஓடிய டெரெச்சோ, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அணைத்தது. கடும் வெப்ப அலைக்கு நடுவில் வந்தது அது. வாஷிங்டனை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில் தொலைபேசி நிலையங்களின் மாற்று ஜெனரேட்டர்கள் கிளம்பாததால், 911 அவசர எண்ணே பல மணி நேரம் செத்துப் போனது. அன்றும் காற்றுக்குப் பிறகு வெப்பம் தன் பங்குக்கு ஆட்களைக் கொண்டுபோனது.

திரும்ப ஹூஸ்டனுக்கு. அங்கே பிழைத்துக்கொண்ட இடங்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் என்ற மாபெரும் மருத்துவ வளாகம் 2001-ல் அலிசன் புயல் வெள்ளத்தில் மூழ்கியது. அடித்தளங்களில் இருந்த மின் சாதனங்கள் தண்ணீருக்குள் போய், நோயாளிகளை வெளியேற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு வெள்ளத் தடுப்புக் கதவுகள் போட்டார்கள், 48 மெகாவாட் அளவுக்கு வளாகத்துக்கென்றே மின் நிலையம் அமைத்தார்கள். எச்-இ-பி என்ற பலசரக்குச் சங்கிலி தன் கடைகள் பலவற்றில் எரிவாயு ஜெனரேட்டர்களை வைத்திருக்கிறது. அதனால் பெரிலுக்குப் பிறகும் கடைகளில் ஐஸ்கிரீம் உருகவில்லை. இவர்களுக்கு இழப்பின் கணக்கு தெரியும், முதலீடு செய்தார்கள். வீட்டில் கிடக்கும் நோயாளிக்கு அப்படிக் கணக்குப் போட்டு முதலீடு செய்ய யார் இருக்கிறார்கள்?

இதன் விளைவு வேடிக்கையானது. மருத்துவமனையில் மின்சாரம் இருந்தது, குணமான நோயாளிகள் இருந்தார்கள், ஆனால் வீட்டில் மின்சாரம் இல்லாததால் அவர்களை அனுப்ப முடியவில்லை. படுக்கைகள் நிரம்பி, வெப்பத்தால் மயங்கி வருபவர்களுக்கு இடமில்லை. கடைசியில் என்ஆர்ஜி அரங்கில் 250 படுக்கைகள் போட்டு, மருத்துவமனையிலிருந்து வெளியேற வேண்டியவர்களை அங்கே தங்கவைக்க ஏற்பாடு செய்தார்கள். வீட்டின் மின் இணைப்பும் மருத்துவமனையின் ஓர் உறுப்புதான் என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

முதியோர் இல்லங்களைப் பற்றி ஃபுளோரிடா ஒரு பாடம் படித்தது. 2017-ல் இர்மா சூறாவளிக்குப் பிறகு ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்று பன்னிரண்டு பேர் இறந்தார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மருத்துவமனை, அங்கே மின்சாரம் இருந்தது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. முதியோர் மருத்துவ இல்லங்கள் 96 மணி நேரத்துக்கு உள்ளே வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் காக்க ஜெனரேட்டரும் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும். பெரில் வந்தபோது டெக்சாஸில் அதற்கு நிகரான சட்டம் இருக்கவில்லை.

‘எல்லாக் கம்பியையும் பூமிக்கடியில் புதைத்துவிட்டால் என்ன?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். புதிய குடியிருப்பில் செய்வது எளிது. ஏற்கெனவே வீடும் குழாயும் மரமும் நிறைந்த தெருவில் தோண்டிப் புதைப்பது ஒரு மைலுக்குப் பத்து லட்சக்கணக்கான டாலர். செலவு முழுவதும் கட்டணத்தில் வரும், கட்டணத்தின் சுமை ஏழைக்குத்தான் விகிதத்தில் கூடுதல். வெள்ளம் வரும் ஊரில் புதைத்த கம்பியிலும் பழுது வரும். அதைக் கண்டுபிடித்துத் தோண்டிச் சரிசெய்ய இன்னும் நேரமாகும். என் தேர்வு அதுவாக இருக்காது. மருத்துவமனை, தண்ணீர், கழிவுநீர் இறைக்கும் நிலையம் ஆகியவற்றுக்குப் போகும் ஃபீடர்களை மட்டும் பார்த்துப் புதைக்கலாம். தட்டையான ஊர் என்பதால் ஹூஸ்டனில் கழிவுநீரை நூற்றுக்கணக்கான இடங்களில் மோட்டார் வைத்து ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அவை நின்றால் சாக்கடை தெருவுக்கு வரும். மற்ற இடங்களில் உறுதியான கம்பங்கள், மரம் வெட்டும் ஒழுங்கான சுற்று, பழுதான பகுதியைத் தானே துண்டித்து மற்றதைக் காப்பாற்றும் சுவிட்சுகள். பெரிலுக்குப் பிறகு, பலத்த கண்டனங்களின் நடுவே, சென்டர்பாயின்ட் இந்த வழியில்தான் இறங்கியது. ஆகஸ்டில் புதிய வரைபடமும் வந்தது.

இன்னொரு விஷயம், துறைக்கு வெளியே அதிகம் பேசப்படாதது. மின் நிறுவனங்களின் நம்பகத்தன்மையை ‘ஒரு நுகர்வோருக்கு ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் தடை’ என்று அளப்பார்கள். தர விதிப்படி, பெரும்புயல் நாள்களைத் தனியே ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடலாம். அன்றாட நிர்வாகத்தை மதிப்பிட அது நியாயமான முறைதான். ஆனால் மக்கள் இறப்பது அந்த ஒதுக்கப்பட்ட நாள்களில். தேர்வில் கடினமான கேள்வியை நீக்கிவிட்டு மதிப்பெண் போடும் முறை நெடுங்காலம் நடக்கும்போது, நிர்வாகத்தின் கவனமும் பணமும் எளிய கேள்விகளின் பக்கமே போகும். ஒழுங்குமுறை ஆணையங்கள் புயல் நாள்களுக்குத் தனி மதிப்பெண் கேட்க வேண்டும். அதிலும் சராசரியைக் கேட்காமல் கடைசி நூறு வீடுகளுக்கு எப்போது வந்தது, அவை எந்தத் தெருக்கள் என்று கேட்க வேண்டும்.

உங்கள் உறவினருக்கு வருகிறேன். முதலில் அந்த அம்மாவின் ஆக்சிஜன். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவி மின்சாரம் இல்லாமல் ஓடாது. மின்சாரம் தேவைப்படாத மாற்று சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்று கருவி தரும் கடையில் கேட்டு எழுதி வைக்கட்டும். கருவியை ஓட்டும் அளவுக்கு, தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பெரிய பேட்டரிப் பெட்டி (‘பவர் ஸ்டேஷன்’) வாங்கலாம். வாங்கும் முன் கருவியின் வாட் அளவைப் பார்த்து, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் மணிகளை நம்ப வேண்டாம்.

ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகை வரும் பக்கம் ஜன்னலைப் பார்க்காதபடி. கார் அறையில் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். வீட்டை வெளிக் கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் மின்சாரம் வெளிக் கம்பிக்குப் பாய்ந்து, டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாகி, கம்பத்தில் இருக்கும் லைன்மேனைக் கொல்லும்.

எத்தனை மணி நேரம் காத்திருப்பது, எப்போது கிளம்புவது என்பதை இப்போதே முடிவு செய்து வைக்கட்டும். என்னைக் கேட்டால், மின்சாரம் போய் முதல் இரவு கடந்தும் வரும் நேரம் உறுதியாகத் தெரியவில்லை என்றால், முதியவரோடு உடனே கிளம்பிவிட வேண்டும். சான் அன்டோனியோவிலோ டல்லாஸிலோ தெரிந்தவர் வீடு ஒன்றை முன்பே பேசி வைத்திருக்கலாம். காரில் பாதி டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்க வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் பங்கும் மின்சாரத்தில்தான் இறைக்கிறது.

கடைசியாக ஒரு படிவம். டெக்சாஸில் உயிர்காக்கும் மின்கருவி உள்ளவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் மின் நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்தால் மின்சாரம் முதலில் வரும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தடையில்லா மின்சாரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை என்பது விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் அந்த மீட்டருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நிறுவனத்தின் கணினியில் பதிவாகும் ஒரே வழி அதுதான். ஜூன் மாதம் சூறாவளிப் பருவம் தொடங்குவதற்குள் அந்த அம்மாவின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று உங்கள் அக்கா மகனிடம் கேளுங்கள்.